ஜப்திப் பட்டியல், வரிசை எண் 7

மேலூரில் மணி பத்தரை, வெயில் அதற்குள் பன்னிரண்டு.
வாரண்ட்டை வாங்கிப் படிக்காமலே
உள்ளே வாங்க என்றாள் மலையரசி,
பூப்பு விசேஷத்துக்கு வந்தவர்களைச் சொல்வதுபோல.
வீரணன் ஊரில் இல்லை. எந்த ஊரிலும் இல்லை என்றாள்.

ஃப்ரிட்ஜ் ஒன்று. சோபா செட், உறை கிழிந்தது.
தையல் மிஷினை எழுதவில்லை, அது அவள் பிழைப்பு.
டிவி. மின்விசிறி மூன்று. ஊஞ்சல் பலகை, சங்கிலியோடு.
ஏழாவதில் பேனா நின்றுவிட்டது.

சுவரை அடைத்து நின்றது அது.
பீரோவா, தேரா, கோயில் கதவா.
உச்சியில் வாய் பிளந்த பன்றித் தலை.
இடக் கதவில் கொம்புமான் முன்னங்காலை மடக்கித் தாவ
வலக் கதவிலிருந்து மூன்று நாய்கள் துரத்தின.
நடுவே சாவித் துவாரம்.
தூணில் பின்னங்கால் கட்டித் தலைகீழாய் முயல்.
அதற்கு எதிர்த் தூணில் ஒரு பறவை,
கோழியுமில்லை கௌதாரியுமில்லை,
ஒவ்வொரு இறகும் தனித்தனியாய்ச் செத்திருந்தது.
ஓரமெல்லாம் தொப்பி போட்ட கொட்டைகள்,
நம் பக்கம் காய்க்காத மரம்.

பிரான்ஸ்ல இருந்து வந்துச்சு மேடம்.
இங்கேருந்து கல்லு போச்சு, கறுப்புக் கல்லு,
பாளம் பாளமா, மூஞ்சி தெரியிற மாதிரி இழைச்சு.
அங்க அதுல பேரு வெட்டி
செத்தவங்க தலைமாட்டுல நடுவாங்களாம்.
எங்க மலையில பாதி அவங்க கல்லறையில நிக்கிது,
அவங்க காட்டுல ஒரு துண்டு எங்க வீட்டுல நிக்கிது.
கணக்கு சரிதானே.

நான் கணக்கு பார்க்க வந்தவள் இல்லை, எழுத வந்தவள்.
கதவைத் திறந்தேன்.
மான் ஒரு பக்கம் போனது, நாய்கள் ஒரு பக்கம்.
உள்ளே இட்லிக் கொப்பரை, முறுக்கு அச்சு, ரேஷன் சீனி,
பிள்ளை இழைப்புக்கு உறிஞ்சும் நீலக் குழல்.
சமையல் சாமான் ஜப்தியில சேராது, எடுத்துக்குங்க என்றேன்.
சட்டம் விட்டுவைத்ததையெல்லாம் தரையில் அடுக்கினாள்.
அடுக்கி முடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை.

நாலு ஆள் தூக்கினார்கள்.
படுக்க வைத்தால் நடையில் திரும்பவில்லை,
நிமிர்த்தினால் நிலை இடித்தது.
சோணை பன்றியின் கோரைப்பல்லைப் பிடித்து இழுத்தான்,
பிறகு அதனிடமே கெட்ட வார்த்தை பேசினான்.
வராதுங்க என்றாள் மலையரசி.
இத எறக்கி வச்சப்புறம்தான் சுவரே எழுப்புனோம்.

பள்ளிக்கூடம் போகாத சீருடையில் பாண்டிமீனா
முதல் நாயின் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
அந்த மூக்கு மட்டும் பளபளவென்று இருந்தது.
நாயையும் எழுதிட்டீங்களா?
எல்லாம் சேர்த்து ஒரே உருப்படிதான் பாப்பா.
இதுக்குப் பேரு இருக்கு என்றாள். சொல்லவில்லை.

கிட்டே போனபோதுதான் பார்த்தேன்.
ஊதுகொம்பு தொங்குகிறது, துப்பாக்கி சாய்ந்திருக்கிறது,
நாய் வார் சுருட்டி வைத்திருக்கிறது.
பிடிக்க ஆள் இல்லை.
இத்தனை சாவுக்கும் மனுஷன் ஒருத்தன்கூட
அந்த மரத்தில் இல்லை.
வங்கியிலிருந்தும் யாரும் வரவில்லை, வர வேண்டியதில்லை.
என் கழுத்தில் அடையாள அட்டையின் நாடா
வேர்த்து ஒட்டிக்கொண்டது.

மரப் பீரோ ஒன்று, பழையது, வெளிநாட்டு வேலைப்பாடு.
அகற்ற இயலாததால் கடனாளி வீட்டிலேயே விடப்பட்டது.
மதிப்பு?
முயல உரிச்சா ஆயிரம் தேறும் என்றான் சோணை.
யாரும் சிரிக்காததால் அவனே சிரித்துக்கொண்டான்.
ஒரு தொகை போட்டேன். அடித்து, குறைத்துப் போட்டேன்.

மலையரசி மோர் கொண்டுவந்தாள்.
வாங்கக் கூடாது. வாங்கிக் குடித்தேன்.

கதவுகளைச் சேர்த்து மூடிச் சீல் தாள் ஒட்டினேன்.
மானின் வாலுக்கும் நாயின் மூக்குக்கும் நடுவே
நாலு விரல் அகலத்துக்கு நீதிமன்ற முத்திரை.
ஈரப் பசை, ஓரம் பிரிந்து பிரிந்து வந்தது.
பாண்டிமீனா, யாரும் சொல்லாமலே,
காயும்வரை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.